கார்ப்பெட் போச்சு, சத்தம் வந்தது: புதுப்பித்துத் திறந்த புறநகர் பப் பற்றி ஐந்து பேர் உரையாடல்

மூலைமேசை

மூன்று வாரம் பூட்டிக் கிடந்த பப் திறந்தாச்சு. தெரியாதவர்களுக்கு: தென்மேற்கு லண்டனின் விளிம்பில், பெரிய சாலை முனையில், 1930களில் கட்டின செங்கல் கட்டடம். முகப்பில் கறுப்பு மரச்சட்டம் பதித்த ட்யூடர் பாணி. நாடெங்கும் கிளை உள்ள ஒரு கம்பெனியுடையது. பெயர் போடவில்லை; இதே வேலையை இப்போது எல்லாக் கம்பெனியும் செய்கிறது.

மாறினது இவ்வளவு. தடிமனான கார்ப்பெட் போய் மரப்பலகை போன்ற டைல். ஜன்னல் திரைகள் இல்லை. சுவரோரம் இருந்த பஞ்சு பெஞ்சில் முக்கால்வாசியை எடுத்துவிட்டு நெஞ்சளவு உயர மேசையும், முதுகு சாய இடமில்லாத ஸ்டூலும். டார்ட்ஸ் பலகை காணோம். காஸ்க் ஏல், அதாவது பீப்பாயிலேயே பக்குவமாகும் பியர், ஊற்றும் கை பம்பு 4 இருந்தது, இப்போது 2. வாயு அழுத்தத்தில் பியர் வரும் கெக் குழாய் 8 இருந்தது, இப்போது 14. பார் கவுண்டர் சுவரோரத்திலிருந்து நடுக்கூடத்துக்கு வந்துவிட்டது. ஆப்பில் ஆர்டர். பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். லாகர் ஒரு பைன்ட் 6 பவுண்டைத் தாண்டிவிட்டது.

என் கருத்து: படம் எடுக்க நன்றாக இருக்கிறது, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேச லாயக்கில்லை. வெள்ளி இரவு 8 மணிக்கு எதிரில் இருப்பவர் வாயசைவதுதான் தெரிகிறது. கை பம்பைப் பாதியாக்கியதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

வெள்ளிமாலை

அண்ணா, பட்டியலில் பாதியை விட்டுட்டீங்க. பெண்கள் கழிப்பறை முழுசா மாறியிருக்கு: மூணு அறை, மூணிலும் தாழ்ப்பாள் விழுது, பை மாட்ட கொக்கி, தரை காய்ஞ்சிருக்கு. குழந்தைக்குத் துணி மாத்தற பலகை ஆண்கள் பக்கமும் வெச்சிருக்காங்க. வாசல்ல 15 செ.மீ. படி ஒண்ணு இருந்துச்சே, அதுக்குச் சரிவுப்பாதை போட்டிருக்காங்க. கட்டட விதிப்படி 1:12 சரிவு 166 மி.மீ. உயரம் வரைக்கும்தான் செல்லும், அதுக்கு மேலே போனா இன்னும் சாய்வைக் குறைக்கணும். இங்கே 1.8 மீட்டர் நீளத்துக்கு ஒழுங்கா இருக்கு. தள்ளுவண்டியும் வீல்சேரும் ஆள் பிடிக்காம உள்ளே போகும்.

ஜன்னலை மறைச்சிருந்த சாயக்கண்ணாடியும் திரையும் போனது எனக்குப் பெரிய விஷயம். வெளியே நின்னு உள்ளே யார் இருக்காங்கன்னு தெரியாத பப்புக்குள்ள ஒரு பொண்ணு தனியா நுழைய மாட்டா. இப்போ தெருவிலிருந்தே பார் வரைக்கும் தெரியுது. 0.0 லாகர் பாட்டில்ல இல்லாம குழாய்லயே வருது. மது குடிக்காதவங்களுக்கும் கையில ஒரு பைன்ட் கிளாஸ் இருக்கு.

பழைய கார்ப்பெட்டை யாராவது முகர்ந்து பார்த்திருக்கீங்களா? 2007 ஜூலைல புகைத் தடை வந்ததுக்கப்புறம்தான் அந்த வாடையே வெளியே தெரிஞ்சது.

தவறணை

தங்கச்சி சொல்லுற கழிப்பறை, சரிவுப்பாதை எல்லாம் சரி. வடிவாச் செய்திருக்கிறாங்கள். ஆனா வீல்சேரில உள்ள வந்த ஆள் எங்க இருக்கிறது? வாசலில இருந்து பார் வரைக்கும் உள்ள மேசை எல்லாம் 105 செ.மீ. உயரம். வீல்சேரில இருக்கிற ஆளுக்கு 75 செ.மீ. மேசை வேணும், முழங்கால் போக கீழ இடமும் வேணும். அப்பிடியான மேசை கடைசியில குசினிக் கதவுக்குப் பக்கத்தில மட்டும்தான் கிடக்கு. அங்க போற வழியில ஸ்டூல்களை இழுத்து விட்டிருந்தா பாதை இல்லை.

2010 சமத்துவச் சட்டம் நியாயமான மாற்றம் செய்து குடுக்கச் சொல்லுது. வாசலோட அது முடியேல்லை. முழங்கால் நோவுள்ள எழுபது வயசு ஆளால அந்த ஸ்டூலில ஏறவும் ஏலாது, இறங்கவும் ஏலாது. பழைய கதிரையில கை வைக்கிற பிடி இருந்தது. எழும்பேக்க அதைப் பிடிச்சுத்தான் எழும்புவினம். அந்தப் பிடியை ஒருத்தரும் கணக்கில எடுக்கேல்லை. வாசல் பக்கம் இருக்கிற உயர மேசையில நாலை எடுத்துப்போட்டு சாதாரண மேசை போட்டா அலுவல் முடிஞ்சுது.

குளிரறை

கை பம்பு விஷயத்துல நான் கம்பெனி பக்கம். மூலைமேசை சார், கோபப்படாம இந்தக் கணக்கைப் பாருங்க.

காஸ்க் ஏல் உயிருள்ள பியர். பீப்பாய்க்குள்ளயே ஈஸ்ட் வேலை செய்யுது. வந்து இறக்கினதும் ஸ்டில்லேஜ்ங்கிற தாங்கியில படுக்க வெச்சு, மேல இருக்கிற ஷைவ்ங்கிற அடைப்புல மென்மையான மர ஆணி அடிச்சு வாயு மூச்சு விட விடணும், அப்புறம் கெட்டி ஆணி மாத்தணும், கசடு அடியில இறங்கித் தெளியணும். இதுக்கே ஒண்ணு ரெண்டு நாள் ஆகும். குழாய் அடிச்சு விற்க ஆரம்பிச்சா ஒவ்வொரு பைன்ட்டுக்கும் அதே அளவு காற்று உள்ளே போகுது. அந்த நிமிஷத்திலிருந்து மூணு நாள்தான். நாலாவது நாள் தட்டையா இருக்கும், அஞ்சாவது நாள் காடி வாடை.

சின்ன பீப்பாய், அதாவது ஃபர்கின், 9 கேலன், 72 பைன்ட். கசடு போக 68, 70 தேறும். நாலு பம்புக்கு நாலு பீப்பாய் திறந்திருக்குன்னா மூணு நாள்ல 280 பைன்ட் விற்கணும், அதாவது நாளுக்கு 93. அந்த பப்ல எல்லா ஏலும் சேர்த்து சாதாரண நாள்ல 40 பைன்ட் தாண்டாது. மூணு நாளைக்கு 120. ரெண்டு பீப்பாய்க்கே கொஞ்சம் குறைச்சல். நாலு பம்பு இருந்த காலத்துல எந்த நேரமும் ரெண்டு பம்புல கெட்ட பியர்தான் இருந்திருக்கும். எண்ணிக்கையைக் குறைச்சதுதான் இந்தப் புதுப்பிப்புலயே சரியான முடிவு.

மூலைமேசை

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அப்படியானால் எண்ணிக்கைக்காக நான் சண்டை போடவில்லை. ஆனால் அந்த 2 பம்பிலும் மதியம் 12 மணிக்கு வரும் முதல் பைன்ட் வெதுவெதுப்பாக, கொஞ்சம் புளிப்பாக இருக்கிறதே, அது ஏன்? மாலையில் அதே பியர் நன்றாக இருக்கிறது. இதற்குக் காரணம் சொல்லுங்கள்.

இப்போது சத்தம். இதையும் கணக்காகவே வைக்கிறேன். கூடம் சுமாராக 12 மீட்டருக்கு 10 மீட்டர், உயரம் 3.2 மீட்டர், கன அளவு 384. எதிரொலி அடங்கும் நேரம் = 0.161 × கன அளவு ÷ ஒலி உறிஞ்சும் பரப்பு. கீழே விரிப்பு போட்ட கார்ப்பெட் பேச்சு அலைவரிசையில் விழும் ஒலியில் 35 சதவீதத்தை விழுங்கும், எனவே 120 சதுர மீட்டருக்கு 42. பஞ்சு பெஞ்சும் திரையும் 20. சுவரும் கூரையும் சேர்த்து 12. மொத்தம் 74. ஆளில்லாத கூடத்தில் எதிரொலி 0.84 விநாடி.

இன்று தரைக்கு 8, மிச்ச பெஞ்சுக்கு 5, சுவர் கூரைக்கு அதே 12. மொத்தம் 25. எதிரொலி 2.5 விநாடி, கிட்டத்தட்ட ஒரு சர்ச்சுக்குள் இருப்பது போல. 60 பேர் வந்து உட்கார்ந்தால் அவர்களுடைய உடையும் உடம்பும் 27 சேர்க்கும், 1.2 விநாடிக்கு இறங்கும். பழைய கூடத்தில் அதே 60 பேருக்கு 0.6. உறிஞ்சும் பரப்பு பாதியானால் சத்தம் 3 டெசிபல் கூடும். அது சின்ன எண்தான், ஆனால் அதோடு நிற்பதில்லை. சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான். பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்ட் 1911-இல் எழுதிய விஷயம் இது. பக்கத்து மேசை உயர்த்த, நாம் உயர்த்த, 9 மணிக்கு எல்லோரும் கத்திக்கொண்டிருக்கிறோம். பின்னணிப் பாட்டும் அதற்கு மேலே ஏற்றி வைக்கப்படுகிறது.

கார்ப்பெட்டைத் திரும்பக் கேட்கவில்லை. வாடை பற்றி வெள்ளிமாலை சொன்னது உண்மை. 50 மி.மீ. தடிமனுள்ள ஒலி உறிஞ்சும் பலகை 30 சதுர மீட்டர் கூரையில் தொங்கவிட்டால் 27 சேரும், நிறைந்த கூடத்தில் எதிரொலி 0.8-க்கு வந்துவிடும். டைலைத் தொடவே வேண்டாம். வரைபடம் போடும்போதே இதைச் சேர்த்திருக்கலாம்.

கணக்குப்பிள்ளை

கம்பெனி ஏன் இதைச் செய்கிறது என்று யாரும் கேட்கவில்லை. இந்த மாதிரிப் புறநகர் பப்புகள் எதற்காகக் கட்டப்பட்டன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு போர்களுக்கு நடுவில் லண்டன், பர்மிங்ஹாம் புறநகர்களில் வீடுகள் பெருகியபோது பியர் கம்பெனிகள் பெரிய பெரிய பப்புகளைக் கட்டின. நகரத்தின் இருட்டுச் சாராயக்கடையிலிருந்து விலகி, குடும்பத்தோடு வந்து சாப்பிடலாம், தோட்டத்தில் உட்காரலாம் என்பதே நோக்கம். ‘மேம்படுத்திய பப்’ என்றே பெயர். பர்மிங்ஹாம் நார்த்ஃபீல்டில் 1929-இல் கட்டிய பிளாக் ஹார்ஸ் அதற்குப் பெரிய உதாரணம். ஆக, சாப்பாடு, பெண்கள், குழந்தைகள், வெளிச்சம் என்று திரும்புவது மரபை உடைப்பது ஆகாது. மரபுக்கே திரும்புவது.

இவ்வளவு பெரிய கட்டடத்தை நாளுக்கு 40 பைன்ட் ஏல் விற்று நடத்த முடியாது. சூடாக்கும் செலவு, சம்பளம், வணிக வரி. மாலைக் கூட்டம் சாப்பிட வேண்டும், அப்போதுதான் கதவு திறந்திருக்கும். புதுப்பிக்காத கிளையைக் கம்பெனி விற்றுவிடும், வாங்குபவர் அடுக்குமாடி கட்ட விண்ணப்பிப்பார். 2017 மே மாதத்திலிருந்து இங்கிலாந்தில் பப்பை இடிக்கவோ வேறு தொழிலுக்கு மாற்றவோ திட்ட அனுமதி வேண்டும் என்பது உண்மை. அனுமதி கேட்டால் கிடைக்காமலும் போகாது.

மூலைமேசை

வரலாற்றில் பாதியை நிறுத்திவிட்டீர்கள். அந்த 1930களின் கட்டடத்தில் எத்தனை அறை இருந்தது? பப்ளிக் பார், சலூன், லவுஞ்ச், சாப்பாட்டு அறை, வீட்டுக்கு வாங்கிப் போக ஒரு சின்ன ஜன்னல். ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு. டார்ட்ஸ் ஆடுபவர் ஒரு பக்கம், பிள்ளைகளோடு வந்தவர் ஒரு பக்கம், சத்தம் கலக்காது. சுவர்களை இடித்து ஒரே கூடமாக்கியது பின்னால் வந்தவர்கள். மரபுக்குத் திரும்புவது என்றால் ஒரு தடுப்பையாவது திரும்பக் கட்ட வேண்டும். மேலே கண்ணாடி, கீழே மரம் என்று 1.5 மீட்டர் தடுப்பு இரண்டு போட்டாலே போதும், பார் கவுண்டரிலிருந்து பார்வையும் மறையாது.

2015-இல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் ஆய்வுக்குப் பிறகு இந்தப் போரிடைக் கால பப்புகளில் 21 பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தன. நம்முடையது அதில் இல்லை. பட்டியலில் இல்லாத கட்டடத்தின் உட்புறத்தை யாரையும் கேட்காமல் மாற்றலாம். அனுமதி பற்றிச் சொன்னீர்களே, லண்டன் மேய்டா வேலில் கார்ல்டன் டாவர்ன் என்ற பப்பை 2015-இல் அனுமதியில்லாமல் இடித்தவர்களை, செங்கல் செங்கலாக முன்பு இருந்தபடியே கட்ட வைத்தது வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில். 2021-இல் திரும்பத் திறந்தது. அக்கம்பக்கத்தார் முன்கூட்டியே குரல் கொடுத்து, கட்டடம் ஆவணப்படுத்தப்பட்டிருந்ததால்தான் அது முடிந்தது. எனவே எல்லாம் கம்பெனி வைத்ததுதான் சட்டம் என்று விட்டுவிட வேண்டாம்.

டார்ட்ஸ் பற்றியும் சொல்லுங்கள். செவ்வாய் இரவு லீக் ஆட்டத்துக்கு இரண்டு அணி, துணைக்கு வருபவர்கள் என்று 16, 18 பேர் மூன்று மணி நேரம் குடித்தார்கள். வாரத்தில் மிக மந்தமான இரவு அது. இப்போது செவ்வாயன்று அந்த மூலையில் இரண்டு காலி மேசை நிற்கிறது.

கணக்குப்பிள்ளை

டார்ட்ஸ் இடக் கணக்கு இது. பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர், எறியும் கோடு 2.37 மீட்டர். எறிபவர் நிற்க இன்னொரு 1.2 மீட்டர், அகலம் 1.8. கிட்டத்தட்ட 6.5 சதுர மீட்டர், நாலு பேர் மேசை இரண்டு. அங்கே வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் இரண்டு சுற்று சாப்பாடு போனால் 48 தட்டு. செவ்வாய்க்கிழமை 18 பேர் குடித்த பியரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இருந்தாலும் மந்த நாள் வருமானம் என்ற வாதத்தில் உண்மை இருப்பதை ஒத்துக்கொள்கிறேன். கதவுபோட்ட அலமாரியில் பலகையை வைத்து, மேசையைச் செவ்வாயன்று மட்டும் நகர்த்தினால் இரண்டும் நடக்கும். ஆனால் அந்த மேசையைத் தரையோடு திருகியிருக்கிறார்கள். அது தேவையில்லாத வேலை.

குளிரறை

மதியம் முதல் பைன்ட் பற்றிக் கேட்டீங்க. இதுதான் இந்தப் புதுப்பிப்போட உண்மையான கோளாறு, யார் கண்ணுக்கும் தெரியாதது.

பாரை நடுக்கூடத்துக்குக் கொண்டு வந்தாங்க, பீப்பாய் வெச்சிருக்கிற நிலவறை, அதாவது செல்லார், இருந்த இடத்துலயே இருக்கு. செல்லார்லேருந்து பாருக்கு பியர் வர்ற குழாய், அதாவது லைன், 12 மீட்டர் இருந்தது இப்போ 20 மீட்டர் வந்திருக்கும். 9.5 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய் மீட்டருக்கு 71 மில்லி பிடிக்கும். ஒரு பைன்ட் 568 மில்லி, அப்போ 8 மீட்டர் குழாய் ஒரு பைன்ட். 20 மீட்டர்ல ரெண்டரை பைன்ட் ராத்திரி பூரா நிற்குது. அதோட கை பம்பு சிலிண்டர்ல அரை பைன்ட், அதுக்குக் குளிர்நீர் உறை இல்லேன்னா காலையில கூடத்தோட வெப்பநிலைக்கு வந்திருக்கும். செல்லார் 11 முதல் 13 டிகிரி, கூடம் 21. முதல் இழுப்புல வெதுவெதுப்பா வருதுன்னா சிலிண்டர் பியர். அடுத்த ரெண்டு பைன்ட் புளிப்பா இருந்தா லைன்ல நின்ன பியர்.

திறக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பம்பிலும் மூணு பைன்ட் இழுத்துக் கொட்டணும். கொட்டறதைக் கம்பெனி வீணாப்போன கணக்குல எழுதச் சொல்லும், அதனால மேனேஜர் தயங்குவார், மதியம் முதல்ல வர்ற ஆள் அதைக் குடிக்கிறார். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான்: உதட்டுல வெச்சதும் சரியில்லைன்னா உடனே திருப்பிக் கொடுங்க. பாதி குடிச்சுட்டுக் கொடுத்தா வாங்க மாட்டாங்க. மங்கலா இருக்கிறதை வெச்சு மட்டும் கெட்டதுன்னு சொல்லாதீங்க, சில பியர் தெளிய வைக்காமலே வருது. மூக்கால பாருங்க. காடி வாடை, வேகவெச்ச சோள வாடை, வெண்ணெய் வாடை இதுல ஏதாவது வந்தா திருப்பலாம்.

14 கெக் குழாய்ல நான் கம்பெனிக்கு எதிர். லைனை 7 நாளுக்கு ஒரு தரம் கழுவணும். தண்ணீர் விட்டுத் தள்ளி, காரக் கரைசல் நிரப்பி, அரைமணி ஊற வெச்சு, நடுவுல ரெண்டு தரம் கொஞ்சம் இழுத்து அசைச்சு, அப்புறம் பி.எச். தாள் நல்ல தண்ணீரோட ஒத்துப்போற வரைக்கும் அலசணும். ஊதாக் கரைசல் பச்சையா மாறினா உள்ளே இன்னும் அழுக்கு இருக்குன்னு அர்த்தம், திரும்ப நிரப்பணும். 14 லைன், ஒவ்வொண்ணுலயும் ரெண்டரை பைன்ட். தண்ணீரைத் தள்ளும்போதே முன்னால வர்ற பியரை வித்துடற திறமையான ஆள் இல்லேன்னா வாரத்துக்கு 35 பைன்ட் சாக்கடைக்குப் போகும், விற்பனை விலையில 210 பவுண்டு. இந்தச் செலவுக்குப் பயந்து 7 நாள் 10 ஆகும், 14 ஆகும். நுரை பொங்கி வழியறதும், கிளாஸ் ஓரத்துல பழைய ரொட்டி வாடையும் அப்போதான் ஆரம்பிக்கும்.

மெதுவா ஓடற குழாயும் ஒரு பிரச்சினை. 30 லிட்டர் கெக்ல 52 பைன்ட். நாளுக்கு 5 பைன்ட் போற கிராஃப்ட் பியர் 10 நாள் திறந்தே கிடக்கும். 9 குழாய் போதும்.

வெள்ளிமாலை

குளிரறை தம்பி, சைவக்காரங்களுக்காக ஒண்ணு சேர்த்துச் சொல்லுங்க. காஸ்க் ஏல் தெளியறதுக்குப் போடற ஐசிங்கிளாஸ் மீனோட காற்றுப்பையிலிருந்து எடுக்கறது. நம்ம ஆட்கள்ல நிறைய பேருக்கு இது தெரியாது. பியர்தானே, தானியம்தானேன்னு குடிப்பாங்க. கின்னஸ் அதை விட்டுட்டாங்க. காஸ்க்ல இன்னும் நிறைய பேர் போடறாங்க. பம்பு முன்னாடி இருக்கிற அட்டையில வீகன்னு எழுதியிருந்தா பிரச்சினை இல்லை, இல்லேன்னா கேட்கணும்.

சாப்பாட்டுலயும் இதே கதைதான். புது மெனுவுல சைவ பர்கர், ஹலூமி, காலிஃப்ளவர்னு ஒரு பக்கமே இருக்கு, சந்தோஷம். ஆனா சமையலறையில எண்ணெய்ச் சட்டி எத்தனை? மீன் பொரிக்கிற அதே எண்ணெய்ல சிப்ஸ் போட்டா அது சைவம் இல்லை. ஆப்ல அந்தச் சிப்ஸுக்குப் பச்சை இலை போடாம விட்டிருக்காங்க, உத்துப் பார்த்தாத்தான் தெரியும். பர்கருக்கு இலை இருக்கு, அதோட தட்டுல வர்ற சிப்ஸுக்கு இல்லை! ஆர்டர் கொடுக்கறதுக்கு முன்னாடி தனிச் சட்டி இருக்கான்னு கேளுங்க. இல்லேன்னா ஜாக்கெட் உருளைக்கிழங்கு மாத்திக் கேட்டா கொடுக்கறாங்க.

குளிரறை

அக்கா சொன்னது சரி. ‘அன்ஃபைன்ட்’னு அட்டையில இருந்தா ஐசிங்கிளாஸ் கிடையாது, கொஞ்சம் மங்கலா வரும். பெரும்பாலான கெக் லாகரை வடிகட்டியே தெளிய வைக்கறாங்க, ஆனா எல்லாமும் இல்லை.

தவறணை

ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் பற்றியும் கதைக்க வேணும். இறைச்சியைச் சூடா வைச்சுக் குடுக்கிறதெண்டா 63 டிகிரிக்குக் குறையக் கூடாது, அது சட்டம். அதுக்காக விடிய வெட்டி, கிரேவி தண்ணியில போட்டு, 63இல மூண்டு மணித்தியாலம் வைச்சிருக்கிறாங்கள். 12 மணிக்குப் போனா மாட்டிறைச்சி நடுவில இளஞ்சிவப்பாக இருக்கும், 3 மணிக்குச் சாம்பல் நிறம், நார் நாராப் போகும். யோக்‌ஷயர் புட்டிங்கும் அப்பிடித்தான், விளக்குக்குக் கீழ இருந்து தோலாப் போடும். பழைய மெனுவிலயும் இதுதான் நடந்தது. புதுக் கதிரை போட்டதால சமையல் மாறேல்லை. கம்பெனி காசு குடுத்தது கூடத்துக்கு, குசினிக்கில்லை.

ஆப்பைப் பற்றியும் ஒரு விசயம். ஆப்பில வாற ஓடரும் பாரில நிக்கிற ஆளும் ஒரே ரெண்டு பிள்ளையளிட்டத்தான் போகினம். பிள்ளை சின்னத் திரையைப் பாத்து ஆறு கொக்டெயில் கலக்குது, முன்னால நாலு பேர் கையில காட்டோட நிக்கினம், அவையைப் பாக்க ஆளில்லை. வெள்ளி, சனி இரவில ஆப் ஓடருக்கு எண்டு ஒரு ஆளைத் தனியப் போடோணும், இல்லாட்டி அந்த நேரம் கொக்டெயிலை ஆப்பில இருந்து எடுத்துவிடோணும்.

சர்வீஸ் சார்ஜ் 10 வீதம் கட்டாயமில்லை. ஆப்பில காசு கட்டுற பக்கத்தில ஒரு சின்னப் பெட்டி இருக்கு, அதைத் தட்டினா பூச்சியமாகும். ஆனா 2024 ஒக்டோபரில இருந்து அந்தக் காசு முழுக்க வேலை செய்யிற பிள்ளையளுக்குத்தான் போகோணும் எண்டு சட்டம். மேசைக்குக் கொண்டுவந்து தந்தா நான் விட்டுவிடுவன். பாரில நிண்டு நாங்களே தூக்கிக்கொண்டு போறதுக்கும் அதை எடுக்கிறது பிழை.

மூலைமேசை

விலை பற்றி இன்னொன்று. புதுக் குழாய்களில் இரண்டு லாகரில் சாராய அளவு 3.4 சதவீதம். குழாய்த் தலைப்பில் அந்த எண் கடுகளவு எழுத்தில் இருக்கிறது. விலையில் 4 சதவீத லாகருக்கும் அதற்கும் 10 பென்ஸ்தான் வித்தியாசம். ஏன் 3.4 என்று கணக்குப்பிள்ளை சொல்வாரா?

கணக்குப்பிள்ளை

சொல்கிறேன். 2023 ஆகஸ்டில் மது வரி சாராய அளவை வைத்து மாறியது. 3.5-க்குக் கீழே இருந்தால் தனி விகிதம். குழாயில் ஊற்றும் பியருக்கான அப்போதைய வரிச் சலுகையோடு கணக்குப் போட்டால் 4 சதவீத பைன்ட்டுக்கு வரி 43 பென்ஸ், 3.4 சதவீதத்துக்கு 16 பென்ஸ். வாட் சேர்த்தால் வித்தியாசம் 32 பென்ஸ். அதில் 10 பென்ஸ் வாடிக்கையாளருக்கு வந்திருக்கிறது. மிச்சத்தை ஆலையும் கம்பெனியும் எடுத்துக்கொள்கின்றன. இதை நான் நியாயப்படுத்தவில்லை. எரிபொருள், சம்பளம் ஏறியதை அங்கே ஈடுகட்டுகிறார்கள். அதை வெளிப்படையாக விலைப்பட்டியலில் போடலாம்.

மூலைமேசை

அதே குழாயில் ஊற்றும் கிளாஸும் மாறியிருக்கிறது. விளிம்பு வரை 568 மில்லி பிடிக்கும் கிளாஸ்தான். கோடு போட்ட பெரிய கிளாஸ் இல்லை. அப்படியானால் நுரை எவ்வளவோ அவ்வளவு பியர் குறைவு. பியர் வணிகச் சங்கத்தின் வழிகாட்டுதல் 95 சதவீதமாவது திரவம் இருக்க வேண்டும் என்கிறது, 28 மில்லி வரை நுரை போகட்டும். இங்கே இரண்டு விரல் நுரையோடு வைக்கிறார்கள். மேலே ஊற்றித் தரச் சொன்னால் முகம் சுளிக்காமல் தர வேண்டும், அதுவும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது.

குளிரறை

ரெண்டு விரல் நுரைக்கு ஊத்தற பிள்ளை காரணம் இல்லை. லைன் நீளமானதும் வாயு அழுத்தத்தையும் குளிர்விப்பானையும் திரும்பச் சரிபண்ணியிருக்கணும், பண்ணலை. கூடுதல் 8 மீட்டர் ஓடற இடத்துல பைத்தான், அதாவது லைன்களைக் குளிர்நீர்க் குழாயோட சேர்த்துச் சுத்தின கட்டு, உறை கிழிஞ்சிருந்தாலோ, ஃப்ரிட்ஜ் பின்பக்கச் சூட்டுல உரசினாலோ பியர் அங்கேயே சூடேறி வாயுவை விட்டுடும், குழாய்ல பொங்கும். எல்லாக் குழாயும் பொங்கினா குளிர்விப்பான். பாரோட ஒரு முனையில இருக்கிற குழாய்கள் மட்டும் பொங்கினா அந்தப் பக்கத்து பைத்தான். ஒண்ணே ஒண்ணு மட்டும் பொங்கினா அந்த லைன் அழுக்கு, இல்லேன்னா கெக் முடியப் போகுது. எந்தக் குழாய்னு எண் குறிச்சு மேனேஜர்கிட்ட சொல்லுங்க. ‘பியர் சரியில்லை’ன்னு பொதுவா எழுதினா தலைமையகத்துல யாரும் டெக்னீஷியனை அனுப்ப மாட்டாங்க. ‘3, 4, 5-ஆம் குழாய், வெள்ளி இரவு 8 மணி, நுரை’ன்னு எழுதினா ஆள் வருவார்.

தவறணை

இடது முனையில இருக்கிற அஞ்சும்தான் பொங்குது. ஃப்ரிட்ஜுக்கு மேல இருக்கிறதுகள்.